கோதண்டபாணிக்கு ஒரு காரணம்

கோதண்டபாணி வந்து இறங்கிய அன்று மேலத்தெருவில் ஒருத்தியும் கையை நிறுத்தவில்லை.

மேலத்தெருவில் கை நிற்கிற வழக்கம் கிடையாது. மழை பெய்தால் பீடி சுற்றும் சொளகுமுறத்தைத் தூக்கிக்கொண்டு கூரைக்குள் ஓடி அங்கே உட்கார்ந்து சுற்றுவார்கள், பிள்ளை அழுதால் நீட்டிய காலில் போட்டு ஆட்டிக்கொண்டே சுற்றுவார்கள், சண்டை வந்தால் வாய் சண்டை போடும், விரல்கள் அதுபாட்டுக்கு இலையில் தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கிச் சொளகில் போட்டுக்கொண்டே இருக்கும். பொழுது சாய்ந்து பீடிக்கடையில் கட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவரை அந்தத் தெருவில் விரல் என்பது மூச்சு மாதிரி, நின்றால் அடுப்பும் நின்றுவிடும். ஆகவே உச்சிவெயிலில் டவுன் பஸ்ஸிலிருந்து தேள் கொடுக்கு மீசையும் கன்னத்தில் வெட்டுத் தழும்பும் இடுப்பில் கத்தியுமாக ஒருவன் இறங்கி, புழுதியில் கால் படாதவன்போல் நடந்து வந்து, தெரு நடுவே நின்று வானத்தைப் பார்த்து ஹா ஹா ஹா என்று சிரித்தபோது, பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே சுற்றினார்கள்.

"வெயிலு," என்றாள் முப்புடாதி, பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே. "ஒன் ஆளு வந்துட்டான் பாரு."

வெயிலுகந்தாள் பார்த்தாள். அவளுடைய ஆள்தான். அந்த மீசையை அவள்தான் எழுதினாள், அந்தத் தழும்பும் அவள் எழுதியதுதான். அவன் திரும்பியபோது வெள்ளைச் சட்டையின் முதுகில் சிவப்பாகப் பதினேழு என்ற எண், கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறித் தெரிந்தது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அல்லவா அவனை எழுதியிருந்தாள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தாள்.

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் வெயிலுகந்தாள். புருஷன் தங்கப்பழம் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் சுரண்டையில் வாக்கப்பட்டிருக்கிறாள், அவளுக்கென்று இருந்தது ஒரு வீடு. ஒற்றை அறை, முன்னால் சிமெண்டுப் படி, நீலக் கதவு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை போனவள் பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள், பார்த்துவிட்டுப் போனவள் அடுப்பை அணைத்தோமா என்று மறுபடி வருவாள். அப்படி ஒரு மனசு. அந்த மனசை ஓர் இடத்தில் உட்காரவைக்க அவள் கண்ட வழி கதை எழுதுவது. விடியக்காலம் கிழித்த காலண்டர் தாள்களின் பின்னால் எழுதுவாள், மத்தியானம் பழைய பால் சொசைட்டித் தகரக் கொட்டகையில் சுற்றுகிற பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து வாசிப்பாள். தாளைப் பிடிக்கிற கையால் பீடி சுற்ற முடியாது என்பதால் ஆளுக்குக் கொஞ்சம் சுற்றி அவள் சொளகில் போடுவார்கள். அது அந்தத் தெருவின் ஏற்பாடு. நல்ல கதை என்றால் கொஞ்சம் கூடுதலாக விழும். ஆனால் கதை கேட்டுக் கை நின்றதாக அந்தத் தெருவில் பேச்சே இல்லை.

"ஏ வெயிலு, நான் ஒண்ணு கேக்கேன்," என்று போன மாதம் முப்புடாதி ஆரம்பித்தாள். "ஒன் கதையில வார கெட்டவனுக்கெல்லாம் வேற சோலியே கெடையாதா? எந்திரிச்சுப் பல்லு வெளக்குனதும் எவ குடியக் கெடுக்கலாம்னு கெளம்பிருதானுவ. எதுக்கு?"

"கெட்டவன் மைனி. கெட்டவன் கெட்டதுதான செய்வான்?"

"எம் மாமியாளும் கெட்டவதான். ஆனா அவளுக்குக் காரணம் இருந்துச்சு. நான் வாக்கப்பட்டு வந்தன்னைக்கே அவ படுத்த கட்டில எம் புருசன் தூக்கி எங்க ரூமுக்குள்ள போட்டுட்டான். அவ வெறுந்தரையில படுத்தா. பொறவு என்னைய சும்மா விடுவாளா? ஒன் ஆளுவளுக்குக் கட்டிலும் இல்ல, தரையும் இல்ல. சும்மா சிரிக்கானுவ."

எல்லாரும் சிரித்தார்கள். வெயிலுகந்தாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வைராக்கியமாக உட்கார்ந்து ஒரு கெட்டவனை எழுதினாள். மீசையை இன்னும் பெரிதாக வைத்தாள், தழும்பைக் கூட்டினாள், கத்தி கொடுத்தாள், கோதண்டபாணி என்று பெயர் வைத்தாள். அமுதா என்கிற அநாதைப் பெண்ணின் வீட்டைப் பிடுங்க அவன் பஸ் ஏறி வருகிறான் என்று எழுதினாள். வீட்டை வர்ணிக்க வேண்டிய இடம் வந்தபோது, வாழ்ந்து பார்க்காத வீட்டை அவளுக்கு வர்ணிக்கத் தெரியாது என்பதால், சிமெண்டுப் படி என்றும் நீலக் கதவு என்றும் கதவின் கீழ்மூலையில் தகரம் அடித்திருக்கும் என்றும் எழுதிவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. கோதண்டபாணி யாரிடமும் வழி கேட்கவில்லை. நேரே வந்து அவள் வீட்டுமுன் நின்றான்.

"ஏ பெண்ணே!" என்று கர்ஜித்தான். "இந்த வீட்டை விட்டு உடனே வெளியேறு!"

"பெண்ணேயாம்லா!" என்று கொட்டகையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

வெயிலுகந்தாள் வாசலுக்கு ஓடி வந்து கதவுக்குக் குறுக்கே நின்றாள். "எதுக்கு?" என்றாள்.

கோதண்டபாணி வாயைத் திறந்தான். மூடினான். கையை மீசைக்குக் கொண்டுபோனான், அது முறுக்கத்தான் எழுதப்பட்டிருந்தது, முறுக்கினான். இடுப்புக் கத்தியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தெரியவில்லை," என்றான். எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியின் மேடையில் போய் உட்கார்ந்தான். காரணம் தெரியாமல் அவனால் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது என்பது அப்போதே எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

அப்புறம் அவன் அங்கேயே இருந்தான். தெரு அவனுக்குப் பழகிக்கொண்டது. அந்தி சாய்ந்ததும் அவன் சிரிப்பான் என்று எழுதியிருந்ததால் அந்தி தவறாமல் சிரித்தான், அந்தச் சிரிப்புக் கேட்டுத் தெருவிளக்குப் போடுகிறவர் சுவிட்சைத் தட்டினார், மேய்ச்சலுக்குப் போன ஆடுகள் வீடு திரும்பின, படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தை எடுத்தன. பீடிக்கடையில் கட்டைப் பிரித்து நொட்டை சொல்லிக் கழிக்கிற கணக்கப்பிள்ளைக்கு எதிரே அவனைக் கூட்டிக்கொண்டுபோய்க் கைகட்டி நிற்கவைத்தார்கள், கழிவு குறைந்தது. பின்னாளில் கணக்கப்பிள்ளையே பழகிப்போய் அவனுக்கு ஒரு ஸ்டூல் போட்டு, "அண்ணாச்சி, அந்த முழிய மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கமா வச்சுக்கிடுங்க," என்றார். வார்டு மெம்பர் வந்து வாக்காளர் அட்டை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். போன வருஷம் கல்யாணமாகி வந்த சொர்ணக்கிளி ஒருநாள் இட்லி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டான்.

"அத்தே!" என்று சொர்ணக்கிளி அங்கிருந்தே சத்தம்போட்டாள். "இவருக்குப் பசியே எழுதலையா நீங்க?"

வெயிலுகந்தாளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றைக்கே பசி எழுதினாள். அவன் பதினோரு இட்லி தின்றான்.

பசி வந்தபின் அவனுக்கு நிம்மதி போய்விட்டது. விடியக்காலம் அவள் கதவைத் திறந்தால் வாசலில் நிற்பான். "அம்மா, எனக்கு ஒரு காரணம் கொடுங்கள்," என்பான். தண்ணீருக்குப் போனால் குடத்துக்குப் பின்னாலேயே வருவான். "கத்தி இருக்கிறது, மீசை இருக்கிறது, இந்த வீடு வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஏன் என்று தெரியாமல் ஒன்றை ஆசைப்படுவது எவ்வளவு பெரிய வேதனை தெரியுமா?" என்பான். அவளுக்கு அவன்மேல் ஆத்திரமாக வரும், பரிதாபமாகவும் வரும். காரணம் கொடுத்தால் வீடு போய்விடும். கொடுக்காவிட்டால் கதை போய்விடும். சொளகில் விழுகிற பீடி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

சரியென்று மட்டமாக ஒரு காரணம் எழுதினாள். சொத்தாசை பிடித்தவன் என்று வாசித்தாள். மறுநாள் அவன் கழுத்தில் தங்கச் சங்கிலியோடு வந்து, வீட்டின் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் விரிசல் விட்ட சுவரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுக்கா?" என்றான். கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்து, அமுதாவின் அப்பன் அவன் அப்பனைக் கொன்றுவிட்டான், பழிவாங்க வந்திருக்கிறான் என்று எழுதினாள்.

"எங்கப்பா எப்படி இருப்பார்?" என்று கேட்டான் கோதண்டபாணி.

"எப்படின்னா?"

"வெற்றிலை போடுவாரா? என்னைத் தோளில் தூக்கியிருக்கிறாரா?"

அவள் அதையெல்லாம் யோசித்திருக்கவில்லை. அவன் தொட்டிமேடையில் உட்கார்ந்து அப்பனுக்காக அழப் பார்த்தான். அழுவதற்கு ஒரு முகம் கிடைக்கவில்லை. முக்கி முக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

"வெயிலு, நீ வேணும்னே மட்டமா எழுதுத," என்றாள் முப்புடாதி. அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

"எனக்கு வாரதுதான மைனி வரும்?"

"வந்ததத்தான் அமுக்கி வச்சிருக்க. ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, வயித்துவலிக்காரி மாதிரி. வந்த மனுசன இப்பிடி அரையுங்கொறையுமா உக்கார வச்சிருக்கியே, பாவம் இல்லையா?"

"அவன் எம் வீட்டக் கேக்கான் மைனி!"

"கேக்கட்டும். எதுக்குக் கேக்கான்னு எங்களுக்குத் தெரியாண்டாமா?"

ஐப்பசித் தூறல் விழ ஆரம்பித்தது. அவனுக்கு ஒதுங்க இடம் எழுதப்படவில்லை. நனைந்தான். மீசையிலிருந்து நீல மை கன்னத்தில் வழிந்தது, தழும்பு கரைந்தது, கைகள் நனைந்த தாள்போல் மெலிந்து, அப்பாலிருக்கிற குழாய் அவன் ஊடாகத் தெரிய ஆரம்பித்தது. முதுகில் இருந்த சிவப்புப் பதினேழு மட்டும் பளிச்சென்று இருந்தது. இன்னும் ரெண்டு மழை தாங்கமாட்டான் என்று தெரு பேசிக்கொண்டது. வெயிலுகந்தாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள், ஜன்னலைச் சாத்தினாள், சாத்தினோமா என்று மறுபடி பார்த்தாள். பேசாமல் இருந்தால் போதும். அவன் கரைந்துவிடுவான், வீடு தப்பும். அந்த நினைப்பு வந்ததும் பாயில் உட்கார்ந்தாள், எழுந்தாள், அரிசியைக் களைந்து வைத்துவிட்டு உலை போட மறந்தாள்.

ஏனென்றால் முப்புடாதி சொன்னது நிஜம். காரணம் எப்போதோ வந்துவிட்டது. வாசல் தெளித்துக் கோலம் போடக் குனிந்த ஒரு காலையில் வந்தது. அந்தச் சிமெண்டுப் படியின் ஓரத்தில் ஒரு சின்னக் குழி உண்டு, ஈரச் சிமெண்டில் யாரோ ஒரு பிள்ளை மிதித்த குதிகால் தடம். வீட்டை அவளும் தங்கப்பழமும் வேறொருவரிடமிருந்து பழசாக வாங்கியபோதே அது இருந்தது. இத்தனை வருஷமாக அதைச் சுற்றித்தான் கோலத்தை இழுக்கிறாள். அது யார் கால் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு நினைத்துவிட்டாள்.

மூன்றாவது மழை இருட்டிக்கொண்டு வந்த மத்தியானம் அவளால் அடக்க முடியவில்லை. பாத்திரத்தில் பொங்கி வருகிறதை மூடியை வைத்து எவ்வளவு நேரம் அமுக்க முடியும்? காலண்டர் தாள்களை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள், மூச்சு வாங்க வாசித்தாள்.

கோதண்டபாணியின் அம்மா கொத்துவேலைக்குச் சித்தாளாகப் போனவள் என்று வாசித்தாள். இந்த வீட்டுக்குச் செங்கல் சுமந்தவள் அவள்தான், மணல் சலித்தவள், சுவருக்குத் தண்ணீர் ஊற்றியவள், சாரத்தின் கீழே சேலைத் தொட்டில் கட்டிப் பிள்ளையைக் கிடத்திப் பிறகு அந்தப் பிள்ளை எழுந்து நடக்கிறவரை இங்கேதான் வேலை செய்தாள். அவர்களுக்கென்று கூரை கிடையாது, எந்த வீடு கட்டுகிறார்களோ அந்த வீட்டின் செங்கல் அடுக்குக்குள் சாக்கை விரித்துப் படுப்பார்கள், வீடு முடிந்ததும் அடுத்த ஊர். படிக்குச் சிமெண்டு பூசிய அன்று பிள்ளை ஓடிவந்து மிதித்துவிட்டது. வீட்டுக்காரன் அவளை அடித்தான். கொத்தனார் தடத்தை மறுபடி பூசி மறைக்க வந்தபோது அவள் அவர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "இருக்கட்டும்யா, எம் புள்ள கால் வச்ச வீடுன்னு ஒண்ணாவது இருக்கட்டும்," என்றாள். கூலியிலே பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கிரகப்பிரவேசத்தன்று மற்றவர்கள் உள்ளே சாப்பிட்டார்கள், அவளும் பிள்ளையும் பின்னால் கொல்லையில் இலை வாங்கிக்கொண்டு போனார்கள். அதன்பின் அவள் எத்தனையோ வீடு கட்டினாள், ஒரு வீட்டுக்குள்ளும் படுக்காமல் ரோட்டோரத்தில் செத்துப்போனாள். அவள் பிள்ளை எந்தத் தரையில் படுத்தாலும் தூக்கத்தில் அவன் குதிகால் ஒரு குழியைத் தேடித் துழாவும்.

அவள் நிமிர்ந்தாள். ஏதோ ஒன்று வித்தியாசமாக இருந்தது. என்னவென்று சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. சத்தம் இல்லை. கத்தரிக்கோலால் இலை வெட்டுகிற சத்தம், நூல் இழுபடுகிற சத்தம், ஒன்றும் இல்லை. எல்லாருடைய கையும் அந்தரத்தில் நின்றிருந்தது. சொர்ணக்கிளியின் விரலிடுக்கில் பாதி உருட்டிய இலையிலிருந்து தூள் கொட்டிக்கொண்டிருந்தது. முப்புடாதி மூக்கைச் சிந்தினாள்.

"ஒரு கட்டிலுக்கே நானும் எம் மாமியாளும் அப்பிடி ஆடுனோம்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கோதண்டபாணி நனைந்துகொண்டு எழுந்தான். மை வழியவில்லை. முதுகில் இருந்த பதினேழு மறைந்திருந்தது. அவன் நடந்து வந்தபோது முதல்தடவையாகச் சேற்றில் கால் புதைந்தது. வெயிலுகந்தாள் வீட்டுப் படியில் வந்து குதிகாலை அந்தக் குழியில் வைத்தான். வளர்ந்த மனுஷன் கால் பிள்ளைக்காலின் தடத்தில் எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை. பொருந்தியது.

"யக்கா," என்றான். குரல் தெருக்காரன் குரலாகிவிட்டிருந்தது. கத்தியை எடுத்துக் கீழே வைத்தான். "வீட்டக் காலி பண்ணிக் குடுங்க."

கத்தியோடு நின்றிருந்தால் அவள் எதிர்த்து நின்றிருப்பாள். எதுக்கு என்று கேட்க வாயெடுத்தாள். அதுதான் அவளுக்கே தெரியுமே. சருவப்பானையையும் பாயையும் டிரங்குப் பெட்டியையும் எடுத்து வெளியே வைத்தாள். தெருப்பெண்களில் பாதிப்பேர் அவள் சாமானைத் தூக்கிக் கொடுத்தார்கள், பாதிப்பேர் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தார்கள். ஒருத்தியே இந்தக் கையில் அவள் தலையணையும் அந்தக் கையில் அவன் தண்ணீருமாகப் போனாள். அன்று அந்தியில் அவன் சிரிக்கவில்லை, தெருவிளக்கு எரியவில்லை.

மழை விட்டதும் அவள் தொட்டிமேடையில் போய் உட்கார்ந்தாள். முப்புடாதி கூப்பிட்டாள், சொர்ணக்கிளி கையைப் பிடித்து இழுத்தாள், போகவில்லை. சுரண்டையிலிருந்து மகள் வந்து ஓர் ஆட்டோவையும் கொண்டுவந்து நிறுத்தி, "என்னம்மா இது, எழுதுனதுக்கெல்லாமா வீட்டக் குடுப்பாவ?" என்று அழுதாள். அதற்கும் அவள் போகவில்லை. அங்கிருந்து படி தெரிந்தது. காலையில் அவன் படியில் உட்கார்ந்து குழிக்குள் காலை வைத்துக்கொண்டு டீ குடித்தான், அவள் பார்த்தாள். கோலம் போடாத படியைப் பார்த்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், தொட்டியைச் சுற்றினாள்.

"அந்த அமுதாப் புள்ள பொறவு என்ன ஆனா?" என்று கொட்டகையிலிருந்து முப்புடாதி குரல் கொடுத்தாள்.

"அழுதுக்கிட்டு இருக்கா."

"அழுவா. ஒன் கதையில நல்லவளுவளுக்கும் வேற சோலி இல்ல. அவளுக்கு அந்த வீடு எதுக்கு வேணுமாம்? அத எழுதுனியா நீ?"

வெயிலுகந்தாள் தொட்டியைச் சுற்றுவதை நிறுத்தினாள். எழுதவில்லை. இத்தனை நாளும் கெட்டவனுக்குக் காரணம் தேடினாளே தவிர, வீட்டுக்காரிக்கு ஒரு காரணம் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வீடு அவளுடையது, அதனால் அவளுக்கு வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தாள், அப்படித்தான் இருந்தாள்.

தாளைத் தேடவில்லை. தெருவைக் கடந்து நேரே போனாள். கோதண்டபாணி குழியில் காலை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. வீடு கிடைத்தவனுக்குத் தூக்கம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"தம்பி, வீட்டக் காலி பண்ணிக் குடு," என்றாள்.

"எதுக்குக்கா?"

"எங்க வீட்டு அவியளுக்குக் கடைசியில சக்கர முத்திக் கண்ணு போயிட்டு," என்றாள் வெயிலுகந்தாள். "சத்தமா பேசுனா அவியளுக்குப் புடிக்காது, கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாலும் புடிக்காது. சுவரத் தடவிக்கிட்டே தனியா வருவாவ. எல்லாக் கதவும் அவியளுக்கு ஒண்ணுதான். இந்தப் படியில வந்து கால் பெருவெரலால தடவிப் பாப்பாவ. இந்தக் குழி தட்டுப்பட்டதும் ஒரு சிரிப்பு. 'வெயிலு, வந்துட்டேன்'பாவ. ஒரு நாளு நான் கோலம் போடுதேன்னு இதுல மாவ ரொப்பி வச்சிட்டேன். குழி தட்டுப்படல. அவிய வாசல்லயே நின்னாவ, இது நம்ம வீடு இல்லன்னு திரும்பி நடந்தாவ. நான் ஓடிப்போயிப் புடிச்சேன். அதுலருந்து இதுக்குள்ள ஒரு துளி மாவு விழவிட்டதில்ல. அவிய போயி நாலு வருசம் ஆவுது. இன்னும் விட்டதில்ல. வந்தாவன்னா தேடுவாவல்ல?"

கோதண்டபாணி குனிந்து தன் காலைப் பார்த்தான். எழுந்து நின்று மெல்லத் தூக்கினான். தூக்கிய காலை வெளியே ஊன்றவும் மாட்டாமல் குழியில் திரும்ப வைக்கவும் மாட்டாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கீழே நின்றாள், அவன் மேலே நின்றான், நடுவில் அந்தக் குழி இருந்தது. கொட்டகையில் ஒரு கத்தரி கீழே விழுந்தது, யாரும் குனிந்து எடுக்கவில்லை.

பீடிக்கடையில் கணக்கப்பிள்ளை விளக்கைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார். அன்றைக்கு மேலத்தெருவிலிருந்து ஒரு கட்டுப் பீடிகூடப் போய்ச் சேரவில்லை.